உருளைமேல் தேறிய வண்டி சரிவில் நின்றது ஏன்? எஸ்யூவிகளின் மின்னணுப் பிடிமான அமைப்பைச் சோதிக்கும் முறை பற்றி

செம்மண்தடம் (பானசவாடி, பெங்களூரு)

பெங்களூரில் எஸ்யூவி வைத்திருக்கும் தமிழ் நண்பர்கள் பலர் இங்கே இருப்பதால் ஒரு சந்தேகத்தை விரிவாகவே முன்வைக்கிறேன். மாலூர்ப் பக்கம் நண்பர் ஒருவருக்குச் சொந்தமான நிலத்தில், அவருடைய அனுமதியோடு, எங்கள் வண்டியின் டிராக்ஷன் கன்ட்ரோல் (மின்னணுப் பிடிமான அமைப்பு) உண்மையில் எவ்வளவு உதவுகிறது என்பதைச் சோதித்தோம். சட்டகத்தின் மீது உடல் பொருத்திய டீசல் வண்டி அது. கியர் கையால் மாற்றுவது. முன் அச்சை நெம்புகோலால் இணைக்க வேண்டும், லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் கூடுதல் கியர் நிலை; வழக்கமான நிலை ஹை ரேஞ்ச்) உண்டு. பின் டிஃபரன்ஷியலை (ஓர் அச்சின் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்லிணைத் தொகுதி) இரண்டும் ஒன்றாகவே சுழலும்படி பொத்தானை அழுத்திப் பூட்டலாம். முன் அச்சில் பூட்டு கிடையாது. சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தும் மின்னணு ஏற்பாடு மட்டுமே உண்டு. என் கேள்வி ஒரு நிறுவனத்தைப் பற்றியதன்று என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில் சமதரையில் உருளைச் சட்டங்களை (சக்கரம் பிடிமானமின்றிச் சுழலும்படி உருளைகள் பொருத்தியவை) வைத்துப் பார்த்தோம். முன் சக்கரங்கள் இரண்டும் பின் சக்கரங்களில் ஒன்றும் உருளைமேல் நிற்க, ஒரே ஒரு பின் சக்கரம் மட்டும் மண்ணில் இருந்தது. பின் பூட்டைப் போடாமல் ஹை ரேஞ்சிலேயே ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தியபோது, சக்கரங்கள் ஓரிரு சுற்றுகள் வீணாகச் சுழன்றன. பிறகு பிரேக் உறுமும் ஓசை கேட்டது. வண்டி அமைதியாக வெளியே வந்துவிட்டது. பூட்டைப் போட்டபோது அந்த ஓரிரு சுற்றுகள்கூட இல்லை.

அடுத்து அதே நிலத்தில், ஏறத்தாழ 20 பாகைச் சரிவில், எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்படி மாறி மாறிப் பள்ளங்கள் வெட்டிய இடத்தில் ஏற்றினோம். ஹை ரேஞ்ச், பூட்டு இல்லை, முதல் கியர். இம்முறை பிரேக் உறுமியது, இன்ஜின் திணறியது, கிளட்ச் மணம் வரத் தொடங்கியதும் நிறுத்திவிட்டோம். அதே ஹை ரேஞ்சில் பின் பூட்டைப் போட்டதும் ஏறிவிட்டது. லோ ரேஞ்சில் பூட்டு இல்லாமலும் ஏறியது. மின்னணு அமைப்பு வேலை செய்கிறது என்று உருளைச் சோதனை காட்டிய பிறகும், சரிவில் அது ஏன் போதவில்லை? அமைப்பில் கோளாறு என்று கொள்வதா, நாங்கள் ஓட்டிய முறையில் குறையா?

பிரேக்வட்டு (வைட்ஃபீல்டு)

நண்பரே, கோளாறு எதுவும் இல்லை. உங்கள் மூன்று முடிவுகளும் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகின்றன. பிரேக் கட்டுப்பாட்டு மென்பொருளில் பணிபுரிபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பூட்டு இல்லாத டிஃபரன்ஷியல் தன் இரு பக்கங்களுக்கும் சமமான முறுக்குவிசையையே தரும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுழற்ற ஏறத்தாழ எதுவும் தேவையில்லை. ஆகவே மண்ணில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் ஏறத்தாழ எதுவும் போய்ச் சேராது. மின்னணு அமைப்பு செய்வது ஒன்றுதான். ஏபிஎஸ்ஸுக்காக (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) ஏற்கெனவே பொருத்தியிருக்கும் வேக உணரிகளைக் கொண்டு எந்தச் சக்கரம் வீணாகச் சுழல்கிறது என்று கண்டு, அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பம்பின் மூலம் பிரேக் அழுத்தம் தருகிறது. அந்தப் பிரேக் எதிர்க்கும் அளவுக்குச் சமமான முறுக்குவிசை மறுபக்கச் சக்கரத்துக்குக் கிடைக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, மண்ணில் நிற்கும் சக்கரம் பெறும் ஒவ்வொரு அலகுக்கும் இன்னோர் அலகை இன்ஜின் பிரேக்குக்கும் கொடுத்தாக வேண்டும் என்பதே. விலை இரட்டிப்பு.

இப்போது உங்கள் சரிவுக்கு வருவோம். ஆட்களோடு வண்டியின் எடை 2,000 கிலோ என்று கொண்டால், 20 பாகைச் சரிவில் அதை மேலே தள்ள ஏறத்தாழ 6,700 நியூட்டன் விசை வேண்டும். டயரின் ஆரம் 0.37 மீட்டர் என்றால் சக்கரங்களில் மொத்தம் 2,500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். பிடிமானம் உள்ளவை இரண்டே சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் 1,250. அந்தரத்தில் தொங்கும் இரண்டின் பிரேக்குகளும் ஒவ்வொன்றும் 1,250 தின்னும். ஆக இன்ஜின் பக்கமிருந்து 5,000 வந்தாக வேண்டும். உங்கள் வகை டீசல் இன்ஜின் 300 நியூட்டன் மீட்டர் தருகிறது, முதல் கியர் விகிதம் 4, இறுதி விகிதம் 3.75 என்று வைத்துக்கொண்டால் சக்கரங்களில் கிடைப்பது 4,500. பல்லிணைகளில் ஏற்படும் இழப்பைக் கழிப்பதற்கு முன்பே பற்றாக்குறைதான். மின்னணு அமைப்பு தன் வேலையைச் செய்தது. அதற்கு ஈடுகொடுக்க இன்ஜினால் முடியவில்லை. கிளட்ச் வழுக்கியதும் மணம் வந்ததும் அதனால்தான்.

லோ ரேஞ்ச் விகிதம் 2.5 என்றால் அதே இன்ஜின் 11,000க்கு மேல் தரும். பிரேக் பாதியைத் தின்றாலும் மிச்சம் தாராளம். பின் பூட்டைப் போட்டபோது வேறு விதமாகக் கணக்கு தீர்ந்தது. பூட்டிய அச்சில் தொங்கும் சக்கரம் எதையும் தின்னாது. முழுவதும் மண்ணில் நிற்கும் சக்கரத்துக்கே போகும். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் அந்தச் சக்கரம் தேவையில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 1,650ஐ, தாங்கியது என்று கொண்டால், முன் அச்சு தர வேண்டியது 850, அதன் பிரேக் தின்பது இன்னொரு 850. மொத்தம் 3,350. ஹை ரேஞ்சே போதும்.

உருளைச் சோதனையில் மலை ஏற வேண்டியதில்லை. மண்ணின் தடை வண்டி எடையில் நூற்றில் இரண்டு பங்கு என்று கொண்டாலும் 400 நியூட்டனுக்குள் முடிந்துவிடும். உருளைச் சட்டத்தின் விளிம்பைத் தாண்டும் சிறு தடை கூடுதல். ஆகவே உருளைமேல் தேறுவது, சுழலும் சக்கரத்தை அமைப்பு சரியாக அடையாளம் கண்டு பிரேக் பிடிக்கிறது என்பதை மட்டுமே நிரூபிக்கிறது. எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதை அது சொல்லாது. காணொளிகளில் உருளைச் சோதனையைப் பார்த்துவிட்டு வண்டி வாங்குவோர் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோலார்க்காரர் (ராபர்ட்சன்பேட்டை)

பிரேக்வட்டு தம்பி சொன்ன கணக்கு எனக்கு ஆண்டுக்கணக்கில் கையும் காலும் அறிந்த ஒன்று. எம்எம் 540 ஜீப்பை ஓட்டியவர்கள் ஒரு சக்கரம் தொங்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தியவாறே பிரேக்கையும் லேசாக மிதிப்பார்கள். தொங்கும் சக்கரம் அடங்கும், மண்ணில் இருக்கும் சக்கரம் பிடிக்கும். இக்காலத்து வண்டி செய்வதும் இதே வித்தைதான். நாங்கள் மிதித்தபோது நான்கு சக்கரமும் பிரேக் பிடித்தன, இழப்பும் அதிகம். மின்னணு அமைப்போ தவறு செய்யும் சக்கரத்தை மட்டும் பிடிக்கிறது. இது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதைவிடத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் டிராக்டரைப் பாருங்கள். அதில் வலப் பின் சக்கரத்துக்கு ஒன்று, இடப் பின் சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் மிதிகள் இருக்கும். சேற்று வயலில் ஒரு பக்கச் சக்கரம் வழுக்கினால் உழவர் அந்தப் பக்க மிதியை மட்டும் மிதிப்பார். டிராக்டர் வெளியே வந்துவிடும். அதே டிராக்டரில் டிஃபரன்ஷியலைப் பூட்டும் மிதியும் உண்டு. எந்த இடத்தில் எதைப் பயன்படுத்த வேண்டும் என்று உழவருக்குத் தெரியும்: சிறு வழுக்கலுக்குப் பிரேக், பாரம் இழுக்கும்போது பூட்டு. மாலூர்ச் சரிவில் நீங்கள் கண்டதும் இதுவே.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். சரிவில் முதல் வழுக்கலைக் கண்டதும் காலை எடுத்துவிட்டீர்களா, அப்படியே பிடித்திருந்தீர்களா? பழைய ஜீப்பில் சக்கரம் சுழன்றால் காலை எடு என்றே எங்களுக்குக் கற்பித்தார்கள். புதிய வண்டிகளில் அந்தப் பழக்கம் தடையாக இருப்பதை என் மகன் ஓட்டும்போது கவனித்திருக்கிறேன்.

செம்மண்தடம்

ஐயா, காலை எடுக்கவில்லை. ஆனால் இன்ஜின் திணறியபோது மேலும் அழுத்தினேன். அதனால் பயன் ஏதும் தெரியவில்லை.

பிரேக்வட்டு

ஐயா கேட்டது மிக முக்கியமான கேள்வி. மின்னணு அமைப்பு செயல்பட முதலில் சக்கரம் சற்றுச் சுழன்றாக வேண்டும். சக்கரங்களுக்கிடையே வேக வேறுபாடு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால்தான் அது விழிக்கும். பிறகு பம்ப் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். இதற்கெல்லாம் பிடிக்கும் நேரம் நொடியின் ஒரு பகுதிதான் என்றாலும், ஓட்டுநர் இருக்கையில் அது நீண்டதாகத் தோன்றும். அந்த இடைவெளியில் காலை எடுத்தால் வேக வேறுபாடு மறைந்துவிடும், அமைப்பு அழுத்தத்தை விடுவித்துவிடும், மறுபடி அழுத்தும்போது எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். புதிய எஸ்யூவிகளில் பலர் "டிராக்ஷன் கன்ட்ரோல் வேலை செய்யவில்லை" என்று குறைப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் அசையாமல் பிடித்து, அமைப்புக்குச் சில நொடிகள் கொடுக்க வேண்டும். மேலும் மேலும் அழுத்தினால் சக்கர வேகம் கூடிப் பிரேக் சூடாவதுதான் மிச்சம்.

சூட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேற்படி சரிவில் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கான ஆற்றல் ஏறத்தாழ 5.6 கிலோவாட். தொங்கும் சக்கரங்களும் அதே வேகத்தில் சுழன்றால், அதே 5.6 கிலோவாட் இரண்டு பிரேக்குகளில் வெப்பமாக மாறும். அவை இரு மடங்கு வேகத்தில் சுழன்றால் வெப்பமும் இரு மடங்கு. நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்கும்போது காற்று வீசி வட்டைக் குளிர்விக்கும். ஊர்ந்து ஏறும் வண்டியில் அந்தக் காற்று இல்லை. பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கின் வெப்பத்தை நேரடியாக அளக்கும் உணரி கிடையாது. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம், எந்த வேகம் என்பவற்றைக் கொண்டு மென்பொருள் வெப்பத்தைக் கணித்துக்கொள்கிறது. கணித்த அளவு எல்லை தாண்டினால் பிரேக்கைப் பாதுகாக்க உதவியை நிறுத்திவிடும். டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். ஐந்தாறு முறை தொடர்ந்து ஏற்றிப் பார்த்துவிட்டு, "முதலில் ஏறியது, பிறகு ஏறவில்லை" என்று முடிவெழுதுபவர்கள் அந்த விளக்கைப் பார்ப்பதில்லை.

வேக உணரியிலும் ஒரு வேறுபாடு உண்டு. சுருளால் ஆன பழைய வகை உணரி, சக்கரம் மிக மெதுவாகச் சுழலும்போது தெளிவான குறிப்பைத் தராது. இப்போது பரவலாக இருக்கும், மின்சாரம் பெற்று இயங்கும் செயல்முனைப்பு (ஆக்டிவ்) உணரிகள் கிட்டத்தட்ட அசைவே இல்லாத நிலைவரை அளக்கின்றன. பாறை மேல் ஊர்ந்து செல்லும் வேகத்தில் மின்னணு உதவி சாத்தியமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடிவாள் (எஜிபுரா)

எல்லோரும் அமைப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். வண்டியில் இருந்த டயர் எது, காற்றழுத்தம் எவ்வளவு என்று செம்மண்தடம் குறிப்பிடவில்லை. சாலைக்கான டயரில் 35 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு செம்மண்ணில் சோதித்தால், சோதிக்கப்படுவது டயரே. 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மண்ணைக் கவ்வும். சிறு மேடுகளை உள்வாங்கி வளையும். சக்கரம் அந்தரத்தில் எழுவதே குறையும். திரும்பும்போது காற்று நிரப்ப கம்ப்ரெசர் கையோடு வேண்டும். குறைந்த அழுத்தத்தில் ஓசூர் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

செம்மண்தடம்

சாலை டயர்தான், 33 பிஎஸ்ஐ. அழுத்தத்தை மாற்றாமல் வைத்திருந்தது வேண்டுமென்றேதான். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் பலன் என்று தெரியாது அல்லவா? அடுத்த சுற்றில் அழுத்தத்தை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம்.

இன்னொரு கேள்வி. ஈஎஸ்பியை (வண்டி திசை தவறாமல் காக்கும் மின்னணு அமைப்பு) அணைக்கும் பொத்தானை அழுத்திவிட்டும் ஒருமுறை முயன்றோம். அப்போதும் பிரேக் உறுமியது. பொத்தான் எதைத்தான் அணைக்கிறது?

பிரேக்வட்டு

அந்தப் பொத்தானின் பொருள் வண்டிக்கு வண்டி மாறுகிறது. அதனால்தான் அதை முதலில் சோதிக்க வேண்டும் என்கிறேன்.

ஈஎஸ்பி 1995இல் மெர்சிடிஸ் பென்ஸ் வண்டியில் முதன்முதலாக வந்தபோது அதன் நோக்கம் தார்ச்சாலையில் வண்டி திசை தவறுவதைத் தடுப்பதே. அந்த ஒரே மின்னணுப் பெட்டிக்குள் இன்று குறைந்தது மூன்று வேலைகள் குடியிருக்கின்றன: சக்கரம் சுழன்றால் இன்ஜின் ஆற்றலைக் குறைப்பது, வண்டி பக்கவாட்டில் திரும்பினால் தனிச் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நேராக்குவது, சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து மறுபக்கத்துக்கு விசை அனுப்புவது. மண் தடத்தில் முதலாவது பெரும்பாலும் இடைஞ்சல். தளர்ந்த மணலிலோ சேற்றிலோ வேகம் தணியாமல் போக வேண்டிய இடத்தில் அது இன்ஜினை அடக்கிவிடும், வண்டி புதையும். மூன்றாவது நமக்கு மிகத் தேவை. பல வண்டிகளில் பொத்தானை அழுத்தினால் முதல் இரண்டும் ஓய்ந்து மூன்றாவது மட்டும் நீடிக்கும். உங்கள் வண்டி அந்த வகை. வேறு சிலவற்றில் பொத்தானை அழுத்தினாலும் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் எல்லாம் தாமாகவே திரும்பி வரும். லோ ரேஞ்சில் போட்டவுடனே ஈஎஸ்பி தானாக ஒதுங்கிக்கொள்ளும் வண்டிகளும் நிறைய. முன்னும் பின்னும் இறுக இணைந்திருக்கும்போது தனிச் சக்கரத்தைப் பிரேக் பிடித்துத் திசை திருத்துவது சரியாக நடவாது என்பது அதற்கு ஒரு காரணம்.

இதைக் கண்டறிய உருளைதான் சிறந்த கருவி. பொத்தான் ஒவ்வொரு நிலையிலும் இருக்கும்போது உருளைமேல் என்ன நடக்கிறது என்று எழுதிவைத்துக்கொண்டால், சரிவில் எது உதவியது, எது உதவவில்லை என்று பிறகு ஊகிக்க வேண்டியதில்லை. நிலத்துக்கு ஏற்ற நிலையைத் தேர்ந்தெடுக்கும் டெரெய்ன் மோடு திருகிக்கும் இதே விதிதான். 2004இல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3இல் அறிமுகமான பிறகு எல்லோரும் அதைப் பின்பற்றினார்கள். மணல் நிலையில் சக்கரம் சுழல அதிக இடம் தரும். பாறை நிலையில் ஆக்சிலரேட்டர் மிக மென்மையாகும், பிரேக் விரைந்து பிடிக்கும். சேற்று நிலையில் டயர்ப் பள்ளங்களிலிருந்து மண் உதிரும் அளவுக்குச் சுழல விடும். ஸ்கார்ப்பியோ என் போன்ற வண்டிகளிலும் இத்தகைய நிலைகள் உண்டு. ஒரே பள்ளத்தில் ஒவ்வொரு நிலையையும் வைத்து, எத்தனை சுற்று சுழன்ற பின் பிரேக் பிடிக்கிறது என்று பக்கத்தில் நின்று காணொளி எடுத்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

மல்லிகைப்பந்தல் (ஹலசூரு)

என்னுடையது முன் சக்கர இயக்கம் மட்டும் கொண்ட எஸ்யூவி. அதிலும் சாலை, ஈரம், கரடுமுரடு என்று மூன்று நிலைகள் கொண்ட திருகி இருக்கிறது. விற்பனையாளர் மண் பாதைக்கும் இது போதும் என்றார். சிக்கபள்ளாபுரத்துக்கு அப்பால் எங்கள் குடும்பத் தோட்டத்துக்குப் போகும் கடைசிப் பகுதி மழைக்காலத்தில் வழுக்கும் செம்மண் ஏற்றம். திருகியை மாற்றியும் முன் சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருந்தன. இந்த நிலைகள் வெறும் பெயருக்குத்தானா?

பிரேக்வட்டு

பெயருக்கு அல்ல, அம்மா. ஆனால் இல்லாத பின் சக்கர இயக்கத்தை அந்தத் திருகியால் உண்டாக்க முடியாது. அது மாற்றுவது ஆக்சிலரேட்டரின் கூர்மையை, கியர் மாறும் நேரத்தை, பிரேக் உதவி விழிக்கும் எல்லையை. முன் சக்கரங்களில் ஒன்று மட்டும் வழுக்கினால் விசை மற்றதற்குப் போகும். அந்த அளவில் அது உண்மையான உதவி. இரண்டும் ஈரச் செம்மண்ணில் சேர்ந்து வழுக்கினால் எங்கிருந்து எங்கே அனுப்புவது? ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால், விசை பெறும் முன் சக்கரங்கள் இன்னும் இலேசாகிவிடுகின்றன. உங்கள் பாதையில் உதவக்கூடியவை மண்ணுக்கு ஏற்ற டயரும், தோட்டக்காரர்களிடம் சொல்லி அந்த ஏற்றத்தில் கொட்டும் ஜல்லியும்தான்.

கோலார்க்காரர்

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. பாதை நேராகவும் அகலமாகவும் இருந்து, பக்கத்தில் பள்ளம் இல்லாமல், பின்னால் நின்று வழி சொல்ல ஓர் ஆளும் இருந்தால், ரிவர்ஸில் ஏறுங்கள். அப்போது எடை சாயும் பக்கத்தில் விசை பெறும் சக்கரங்கள் இருக்கும். இருட்டிலோ தனியாகவோ இருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம்.

இறக்கம் (ராமமூர்த்திநகர்)

ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். சோதிக்க வேண்டியவற்றில் என் மனத்துக்கு மிக முக்கியமானது இறக்கம். ஏனெனில் ஏற்றத்தில் தோற்றால் வண்டி நிற்கும், இறக்கத்தில் தோற்றால் வண்டி உருளும். புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஹில் டிசென்ட் கன்ட்ரோல் (இறக்கத்தில் தானாகப் பிரேக் பிடித்து வேகத்தை அடக்கும் அமைப்பு) 1997இல் லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில் முதலில் வந்தது. அந்த வண்டிக்கு லோ ரேஞ்ச் கிடையாது. ஆகவே இன்ஜின் பிடித்து இறக்கும் வேலையைப் பிரேக்கால் செய்ய வைத்தார்கள். இதனாலேயே பழைய ஓட்டுநர்கள் பலர் அதை லோ ரேஞ்ச் இல்லாதவருக்கான மாற்று என்று குறைத்து மதிப்பிடுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. லோ ரேஞ்ச் முதல் கியரில் இறங்கும்போது இன்ஜினின் பிடி டிஃபரன்ஷியல் வழியாகத்தான் சக்கரங்களுக்கு வருகிறது. பாதை மேடுபள்ளமாக இருந்து ஒரு சக்கரம் இலேசானால், அது நின்றுவிடும், சில நேரம் பின்னோக்கியும் சுழலும். மண்ணில் இருக்கும் சக்கரம் வேகம் பிடிக்கும். ஏற்றத்தில் பிரேக்வட்டு சொன்ன அதே குறைபாடு இறக்கத்தில் தலைகீழாக வருகிறது. மின்னணு அமைப்போ நான்கு சக்கரங்களையும் தனித்தனியாகப் பிடிக்கிறது. மாறி மாறிப் பள்ளம் உள்ள இறக்கத்தில், லோ ரேஞ்சையும் ஹில் டிசென்ட்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது என்று நான் கற்பிக்கிறேன்.

ஆனால் எங்கும் அது சிறந்தது என்று சொல்லமாட்டேன். சரளை தளர்ந்து கிடக்கும் செங்குத்தான இறக்கத்தில், பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் கற்களைக் குவித்து அந்தக் குவியலால் நிற்கும். ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்ட விடாததால் அந்தக் குவியல் உருவாகாது, வண்டி நிற்கும் தூரம் நீளும். மண் தடத்துக்கென்று சரிசெய்த வண்டிகளில் குறைந்த வேகத்தில் சக்கரம் சற்று நேரம் பூட்டிக்கொள்ள அனுமதிப்பார்கள். உங்கள் வண்டி எந்த வகை என்பதை, கீழே நீண்ட சமதரை உள்ள சிறிய சரிவில் மிகக் குறைந்த வேகத்தில் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ராமநகரப் பாறைகள் போன்ற கருங்கல்லிலும் எச்சரிக்கை தேவை. உலர்ந்த பாறை டயரை இறுகப் பிடிக்கும். மழைக்குப் பிறகு பாசி படிந்த அதே பாறையில் நான்கு சக்கரமும் ஒன்றாக வழுக்கும்போது எந்த மின்னணு அமைப்புக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கோலார்க்காரர்

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இளைஞர்கள் படிக்கிறார்கள். தங்கவயல் சயனைட் மேடுகளில் (தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த குன்றுகள்) வண்டி ஏற்றிப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அந்தக் கழிவுத் தூள் காற்றில் பறந்து ஊர் மக்களின் வீடுகளுக்குள் போகிறது. அதன் மேல் டயர் ஏறினால் இன்னும் கிளம்பும். எங்கள் ஊரார் மூச்சில் இன்னும் தூசியைச் சேர்க்காதீர்கள். சாவனதுர்கா போன்ற இடங்களைச் சுற்றியிருப்பது வனத்துறையின் காடு. அங்கே அனுமதியின்றி வண்டியோடு நுழைவது 1963ஆம் ஆண்டு கர்நாடக வனச் சட்டப்படி குற்றம். ஏரிப் படுகையும் வேண்டாம். மேலே காய்ந்து தெரியும் வண்டலுக்கு அடியில் சேறு இருக்கும். செம்மண்தடம் செய்ததுபோல் உரிமையாளரிடம் கேட்டுத் தனியார் நிலத்தில் செய்வதே முறை.

வடிவாள்

இரு மோட்டார் மின் எஸ்யூவிகள் இப்போது வந்துவிட்டன. ஹாரியர் ஈவியில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. அவற்றில் இந்தக் கணக்கெல்லாம் மாறுமா?

பிரேக்வட்டு

முன்னும் பின்னும் என்ற வகையில் மாறும். மோட்டாரின் முறுக்குவிசையை இன்ஜினைவிட மிக விரைவாகவும் நுணுக்கமாகவும் கட்டுப்படுத்தலாம். நின்ற நிலையிலேயே முழு விசை கிடைக்கும். கிளட்ச் கருகும் பேச்சே இல்லை. ஆனால் ஓர் அச்சுக்கு ஒரு மோட்டார் என்றிருக்கும் வரை இடதுக்கும் வலதுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இருந்தே தீரும். பூட்டு இல்லையென்றால் அங்கே மீண்டும் பிரேக்தான், மீண்டும் இரட்டிப்பு விலைதான். லோ ரேஞ்சும் கிடையாது என்பதால், செங்குத்தான மாறுபள்ளத்தில் மோட்டார் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

செம்மண்தடம்

எல்லோருக்கும் நன்றி. அடுத்த சுற்றை இவ்வாறு அமைக்கலாம் என்று எண்ணுகிறோம். முதலில் உருளைமேல் பொத்தானின் ஒவ்வொரு நிலையையும் பார்த்துக் குறித்துக்கொள்வது. பிறகு அதே சரிவில், அதே தடத்தில், லோ ரேஞ்சை மட்டும் மாற்றி ஒருமுறை, பூட்டை மட்டும் மாற்றி ஒருமுறை, டயர் அழுத்தத்தை மட்டும் மாற்றி ஒருமுறை. கடைசியாக அதே சரிவில் இறக்கம். முந்தைய ஓட்டத்தில் பள்ளத்தின் விளிம்பு சிதைந்துவிடுவதால், ஒவ்வொரு முறையும் மண்வெட்டியால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர நிலத்துக்காரர் ஆள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு ஏதேனும் விட்டுப்போயிற்றா?

பிரேக்வட்டு

இரண்டைச் சேருங்கள். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று ஜே.சி. ரோட்டில் எளிதாகக் கிடைக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பும் பின்பும் நான்கு பிரேக் வட்டுகளின் வெப்பத்தையும் அளந்து எழுதுங்கள்; முதல் ஓட்டத்துக்கு முன் இருந்த அளவுக்கு ஆறிய பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள். இல்லையென்றால் பூட்டின் பலனையும் ஆறாத பிரேக்கின் குறையையும் பிரித்தறிய முடியாது. சூடான வட்டில் தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டாம், வளைந்துவிடும். சமதரையில் மெதுவாக ஓட்டி ஆற்றுங்கள்.

இரண்டாவது, சேறு காய்வதற்கு முன் சக்கரங்களின் உட்பக்கத்தைக் கழுவிவிடுங்கள். வேக உணரியின் முகத்தில் மண் அப்பிக்கொண்டாலோ பிரேக் பட்டைக்கும் வட்டுக்கும் நடுவே சரளை சிக்கினாலோ, மறுநாள் அலுவலகம் போகும் வழியில் ஏபிஎஸ் விளக்கு எரியும். அந்த விளக்கு எரியும்போது டிராக்ஷன் கன்ட்ரோலும் ஈஎஸ்பியும் சேர்ந்தே ஓய்ந்திருக்கும்.